லைப்சிக்கிலிருந்து அம்மாவுக்கு

லைப்சிக்,
டிசம்பர் 8

அன்புள்ள அம்மா,

நலம். இங்கே இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. நீ கொடுத்த சால்வை இல்லாமல் வெளியே போவதில்லை, கவலைப்படாதே.

போனில் கேட்டாயே, "ஜெர்மன்காரர்களுக்கே ஜெர்மன் சொல்லித்தரப் போகிறாயா?" என்று. இல்லையம்மா, வெளியிலிருந்து வந்தவர்களுக்கு. நான் படிக்கும் ஹெர்டர் நிறுவனம் 1956இல் வெளிநாட்டு மாணவர்களுக்காகத் தொடங்கியது. ஜெர்மனை அயல்மொழியாக எப்படிக் கற்பிப்பது என்பதே இங்கே தனிப் படிப்பு. குடியேறியவர்களுக்கு அரசு ஏற்பாட்டில் நடக்கும் வகுப்பில் மொழிக்கு மட்டும் பொதுவாக 600 பாடவேளை. அப்படி ஒரு வகுப்பில்தான் எனக்குப் பயிற்சி.

முதல் மூன்று வாரம் பின்னால் உட்கார்ந்து கவனித்தேன். அப்புறம் பாடம் எடுத்தேன், மூச்சுவிடாமல் விளக்கினேன். முடிந்ததும் பயிற்சி ஆசிரியை, "45 நிமிடத்தில் 32 நிமிடம் நீயே பேசினாய். அவர்கள் எப்போது பேசுவார்கள்?" என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன செவ்வாய் 'வைல்' பாடம். 'ஏனென்றால்' என்று அர்த்தம். 'இஷ் பின் க்ராங்க்' என்றால் எனக்கு உடம்பு சரியில்லை. முன்னால் 'வைல்' வந்துவிட்டால் 'பின்' என்ற வினைச்சொல் கடைசிக்குப் போக வேண்டும்: 'வைல் இஷ் க்ராங்க் பின்'. நமக்கு வினை கடைசியில்தானே வரும்? அதனால் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் படித்தபோது எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. அரபியும் உக்ரைன் மொழியும் பேசுகிறவர்களுக்கு அப்படியில்லை.

இந்தத் தடவை நான் எதையும் விளக்கவில்லை. சொற்களை அட்டைகளில் எழுதி நாலு பேரிடம் கொடுத்தேன். 'பின்' அட்டை சிரியாவிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம். உன் வயதுதான் இருக்கும். மூன்று பேர் வரிசையாக நிற்க, 'வைல்' அட்டைக்காரர் வந்து முன்னால் நின்றார். அந்த அம்மா கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். பிறகு தானாகவே நகர்ந்து வரிசைக் கடைசியில் போய் நின்றார். வகுப்பே கைதட்டியது. வாக்கியத்தை அவர் மூன்று தடவை உரக்கச் சொன்னார்.

எனக்கு உன் ஒண்ணாம் வகுப்பு ஞாபகம் வந்தது. படத்தைக் காட்டிவிட்டு, பிள்ளை வாயைத் திறக்கிற வரைக்கும் பேசாமல் நிற்பாயே. அப்படிக் காத்திருக்க எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

பரணில் இருக்கும் அந்தப் பட அட்டைக்கட்டைத் தேடி எடுத்து வை. ஜனவரியில் மாமா மகன் வரும்போது கொடுத்தனுப்பு. எழுத்து தமிழில் இருந்தால் என்ன, எனக்குப் படங்கள் போதும்.

உன் அன்பு மகள்