சக்கர நாற்காலி ரக்பி: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரம் நம் பள்ளி உள்ளரங்கில், வெளிநாட்டு அணிகள் கலந்துகொள்ளும் சக்கர நாற்காலி ரக்பி போட்டி நடக்க இருக்கிறது. சுற்றறிக்கை போனதிலிருந்து அலுவலகத்துக்கு ஓயாமல் போன். "ரக்பியா? அதுவும் வீல்சேரிலா?" என்பது ஒரு கேள்வி. "படிப்பு கெடாதா?" என்பது இன்னொன்று. படிப்பு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் இதில் எந்த வேலையும் இல்லை. ரிவிஷன் டெஸ்ட் அட்டவணைப்படியே நடக்கும். யாரிடமும் ஒரு ரூபாய்கூட வசூல் கிடையாது. கூடைப்பந்து அணிக்கு மட்டும் அந்த வாரம் பயிற்சி வெளி மைதானத்தில்.

இனி ஆட்டம். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டு, காலோடு கையும் பலம் இழந்தவர்கள் 1970களில் கனடாவின் வினிபெக் நகரில் உருவாக்கியது இது. சக்கர நாற்காலி கூடைப்பந்து ஆட விரல்களில் பிடிமானம் வேண்டும். அது இல்லாதவர்கள் தங்களுக்கென்று ஓர் ஆட்டத்தை அமைத்துக்கொண்டார்கள். 2000-இல் சிட்னியில் பாராலிம்பிக் பதக்கப் போட்டியானது. 2024 பாரிஸில் தங்கம் வென்றது ஜப்பான். கூடைப்பந்து கோர்ட்டிலேயே ஆடுவார்கள், பக்கத்துக்கு நாலு பேர். பந்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரணிக் கோட்டின் 8 மீட்டர் அகல வாசலை இரண்டு சக்கரமும் தாண்டினால் ஒரு கோல். பத்து விநாடிக்குள் பந்தைத் தரையில் தட்ட வேண்டும், இல்லையேல் பாஸ் கொடுக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது புள்ளிக் கணக்கு. உடலின் இயக்கத்தைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 0.5 முதல் 3.5 வரை ஒரு புள்ளி; இயக்கம் கூடினால் புள்ளியும் கூடும். கோர்ட்டில் இருக்கும் நால்வரின் கூட்டுத்தொகை 8-ஐத் தாண்டக் கூடாது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடலாம். ஒரு பெண் இறங்கினால் அணிக்கு அந்த எட்டுக்கு மேல் அரைப் புள்ளி சலுகை. ஆக, பலசாலிகளாகப் பார்த்து நாலு பேரை இறக்கிவிட முடியாது. கை அசைவு மிகக் குறைவாக உள்ள 0.5 ஆட்டக்காரர், எதிரணியின் வேகமான ஆளை நாற்காலியோடு மறித்து நிறுத்திவிட்டால் ஆட்டமே திரும்பிவிடும். ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் இதை வைத்து ஒரு பாடமே எடுத்துவிட்டார்!

நாற்காலியோடு நாற்காலி மோதுவது விதிப்படி சரிதான். தீவுத்திடல் பொருட்காட்சியில் டாஷிங் கார் மோதுவது போல டமால் டமாலென்று சத்தம் கேட்கும். ஆட்டக்காரர் நாற்காலியோடு பெல்ட்டால் கட்டப்பட்டிருப்பார். குடை சாய்ந்தால் உதவியாளர்கள் வந்து நிமிர்த்துவார்கள், அவர் மறுபடி ஆடப் போய்விடுவார். கடந்த மாதம் இடம் பார்க்க வந்த ஒருவரின் நாற்காலியைப் பார்த்தேன். ஆரக்கம்பிகளை மூடிய உலோகத் தட்டு முழுக்க நசுங்கலும் கீறலும். ரப்பர் கையுறைமேல் டேப் சுற்றியிருந்தார். விரலால் பிடிக்க வராததால் உள்ளங்கையால் அழுத்தித்தான் சக்கரத்தைத் தள்ளுகிறார். நம் பிள்ளைகள் யாராவது "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினால் அவருக்குச் சிரிப்புதான் வரும்.

கவலை எல்லாம் வெயிலைப் பற்றித்தான். தண்டுவடம் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்குச் சரியாக வியர்க்காது; உடல் சூடு ஏறினால் இறங்காது. ஜனவரியிலும் நம் ஊர் மதியம் அவர்களுக்கு ஆபத்து. அதனால் ஆட்டங்கள் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மட்டுமே. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஸ்ப்ரே பாட்டிலும் ஐஸ் துண்டுமாக ஓரத்தில் நிற்பார்கள். நாற்காலியைக் கேட்காமல் தள்ளக் கூடாது என்று பி.இ.டி. மாஸ்டர் அவர்களுக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், சாய்தளம். அரங்கத்தின் தரை வெளியிலிருந்து ஒன்றரை அடி உயரம். கொத்தனார், "ஆறடி போதும் மேடம், பைக்கே ஏறிடும்" என்றார். நம் தெருக்களில் வீட்டு வாசல்தோறும் இருக்கிறதே, செங்குத்தாக, அதே அளவு. கையால் சக்கரம் தள்ளுகிறவருக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். பதினெட்டு அடிக்குக் கட்டினோம். அதற்காக ஆசிரியர்களின் வண்டி நிறுத்தத்தில் பாதி போனது. கழிவறைக் கதவையும் அகலப்படுத்தியாயிற்று. இவையெல்லாம் விருந்தினர் போன பிறகும் இருக்கும். பெற்றோர் கூட்டம் இனி மாடியில் கிடையாது, இந்த அரங்கத்தில்தான். பேரனின் ரேங்க் கார்டை வராந்தாவில் உட்கார்ந்தே வாங்கிப்போகும் பாட்டிகள் நம் பள்ளியில் நிறையப் பேர்.

2022 செஸ் ஒலிம்பியாடுக்கு நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தோம், அழகாகவே இருந்தது. இந்த விருந்தாளிகளுக்குப் பெயின்ட் போதாது. மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, 2024-இலிருந்து தாழ்தளப் பேருந்துகளும் மறுபடி ஓடுகின்றன. ஆனால் பேருந்து நிறுத்தத்திலிருந்து நம் கேட் வரை நடைபாதையில் நடந்தே வர முடியாது. மின்பெட்டி, இளநீர்க் கடை, பைக்குகள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வழியை அளந்து படம் வரைந்து மாநகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். மெரினாவில் சக்கர நாற்காலியில் கடலருகே போக மரப்பாதை வந்ததும் பல வருடக் கோரிக்கைக்குப் பிறகுதான். 2022 நவம்பரில் திறந்தது, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, மறுபடி சீரமைக்கப்பட்டது. விருந்தினர்களை ஒரு மாலை அங்கே அழைத்துப் போகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கழுத்துத் தண்டுவடம் அடிபடுவதற்கு நம் ஊரில் பெரிய காரணங்கள் சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுவதும். ஆழம் தெரியாமல் கிணற்றில் தலைகீழாகக் குதிப்பதும் உண்டு. லைசென்ஸ் இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல், மூன்று பேராக பைக்கில் வந்து தெருமுனையில் நிறுத்திவிட்டு உள்ளே வரும் பிளஸ் ஒன் பையன்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். சாவி கொடுப்பது யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

தன்னார்வலராக வரும் பிள்ளைகளின் ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பார்க்க வரக் கட்டணம் இல்லை. தாத்தா பாட்டியையும் அழைத்து வாருங்கள். படியில்லாத வழி பின்கேட்டில் இருக்கிறது. அங்கே மட்டும் தயவுசெய்து வண்டி நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
சென்னை