ஆலாக்கள் முட்டையிடும் மணல்திட்டைக் காக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

நாங்கள் நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கத்து ஆட்கள். கடற்றொழிலாளர்களும் உயர்தர மாணவர்களுமாகச் சேர்ந்து, களப்பு முகத்துவாரத்து மணல்திட்டில் முட்டையிடும் சின்ன ஆலா என்னும் கடற்பறவைகளுக்குக் காவல் இருந்து வருகிறோம்.

ஆலா மரத்தில் கூடு கட்டாது. வெறும் மணலில் சிறு குழி பறித்து இரண்டு மூன்று முட்டை இடும். முட்டை மணல் நிறத்தில் இருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. அடைகாக்க ஏறத்தாழ மூன்று வாரம், குஞ்சு பறக்க இன்னும் மூன்று வாரம் அளவில் ஆகும். ஆபத்து வந்தால் சின்னக் குஞ்சு மணலோடு மணலாகப் படுத்துக்கொள்ளும். காகத்தின் கண்ணுக்குத் தப்ப அது போதும், வாகனச் சில்லுக்குத் தப்பப் போதாது.

ஆலா முட்டையிடும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்தான் சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள். கடந்த ஆனியில் ஒருநாள் நண்பகல், சிலர் திட்டின் நடுவே பந்து விளையாடினார்கள். ஆலாக்கள் இறங்க முடியாமல் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின. அந்த வெயிலில் மூடாமல் கிடக்கும் முட்டை அதிக நேரம் தாங்காது. கொஞ்சம் தள்ளி விளையாடும்படி கேட்டோம். "சொல்வதற்கு நீங்கள் யார்?" என்றார்கள். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

கரைவலைச் சம்மாட்டிமார் (வலை உரிமையாளர்கள்) அப்படிக் கேட்கவில்லை. விசயத்தைச் சொன்னதும் வலை இழுக்கும் உழவு இயந்திரத்தைத் திட்டில் ஏற்றாமல் சுற்றி ஓட்டினார்கள். அவர்களுடைய தொழிலுக்கு எந்தத் தடையும் வரக்கூடாது என்பதையும் இம்மனுவில் சேர்த்தே கேட்கிறோம்.

எதிரே தெரியும் புறாத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே நுழைவுச்சீட்டும் காவலும் உண்டு. இந்தத் திட்டில் ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை.

ஆகவே வைகாசி தொடக்கம் ஆவணி வரை திட்டைச் சுற்றிக் கயிறு கட்டவும், மும்மொழியிலும் பலகை வைக்கவும், உள்ளே வாகனம் செல்வதைத் தடுக்கவும் வனசீவராசிகள் திணைக்களத்துடன் பேசி ஆவன செய்யுங்கள். கரையில் கொட்டும் மீன் கழிவுதான் நாயையும் காகத்தையும் இழுக்கிறது, அதை அகற்றப் பிரதேச சபைக்குச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காவல் நிற்கும் எங்களுக்கு உங்கள் கையொப்பத்துடன் ஓர் அனுமதிக் கடிதம் தாருங்கள். கயிறும் கம்பும் நாங்களே கொண்டு வருவோம்.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு முன் நேரில் வந்து பார்த்தால், தூரத்தில் நின்றே எல்லாவற்றையும் காட்டுவோம்.

நன்றி.

இப்படிக்கு,
நிலாவெளி, இறக்கக்கண்டித் தன்னார்வலர்கள்