ஒன்றரை அடி எண்டர்பிரைஸுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலை, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் கிட்டாக ஏஎம்டி (AMT) நிறுவனம் 1966இல் வெளியிட்டது. அந்தக் கிட்டைக் கணினியில் மறுபடி உருவாக்கும் வேலை முடிந்துவிட்டது. பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கும் நிலையிலிருந்து, பசை காய்ந்து முழுக் கப்பலாகத் தாங்கியில் நிற்கும் நிலை வரை எல்லாப் படங்களும் தயார். பார்த்தவர்கள் மனமாரப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்கு எழுதும் மடல் இது.

'ஸ்டார் ட்ரெக் தொடரில் வந்த கப்பலையே வரைந்திருக்கலாமே, ஏன் கடையில் விற்ற கிட்?' என்று சிலர் கேட்டீர்கள். தொடரில் வந்த கப்பலை அருமையாக வரைந்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்த எண்டர்பிரைஸ் இந்த ஒன்றரை அடி பிளாஸ்டிக்தான். நான் வசிக்கும் இதே மிச்சிகனில், ட்ராய் நகரத்து நிறுவனம் செய்தது. கார் விற்பனையாளர்கள் கடையில் வைத்துக் காட்டுவதற்கான குட்டிக் கார்களைச் செய்து பெயர் வாங்கிய நிறுவனம் அது. கார் உடலின் வளைவைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவரத் தெரிந்தவர்கள் விண்கப்பலில் கை வைத்தார்கள். ஸ்டார் ட்ரெக் தொடருக்காக 'கலிலியோ' என்ற சிறு ஓடத்தை, ஆள் ஏறும் அளவில் செய்து கொடுத்ததும் அவர்களே. அதைக் கட்டியவர் கார்களை உருமாற்றுவதில் புகழ்பெற்ற ஜீன் வின்ஃபீல்ட்.

முதல் பெட்டியில் சின்ன பல்புகளும் பேட்டரிக்கு இடமும் இருந்தன. பிறகு செலவைக் குறைக்க விளக்கு போனது, பாகங்களை வார்க்கும் அச்சும் திருத்தப்பட்டது. எஃகு அச்சில் ஒருமுறை வெட்டிய இடத்தைப் பழையபடி கொண்டுவருவது லேசான காரியமல்ல. கிட் இன்றும் புதிய பெட்டியில் விற்பனைக்கு வருகிறது. ஆனால் அந்த முதல் வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால், யாரோ பிரிக்காமல் வைத்திருக்கும் பழைய பெட்டி வேண்டும்.

அப்படி ஒரு பெட்டியை வைத்திருந்த ஒஹாயோ அம்மாவுக்கே என் முதல் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மறைந்த அண்ணன் சிறுவனாக இருந்தபோது வாங்கி, ஏனோ ஒட்டாமலே வைத்துவிட்ட கிட் அது. சேகரிப்பவர்கள் நல்ல விலை தரத் தயாராக இருந்தார்கள். அதை முன்பின் தெரியாத ஒருவனுக்காகப் பிரித்துக் காட்டினார். ஒரு பாகத்தையும் சட்டத்திலிருந்து வெட்டக் கூடாது, எதையும் மேலே தூவக் கூடாது, இவை இரண்டுதான் அவர் போட்ட நிபந்தனை. நாங்கள் வேலை செய்த நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டும் முறை அச்சடித்த தாளை ஒவ்வொரு படியாக வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசை என்றார். முழுதாகக் கட்டிய நிலையில் உள்ள படத்தின் முதல் பிரதியைப் பெரிதாக அச்செடுத்து அவருக்குத்தான் அனுப்பினேன். அம்மா, நீங்கள் அந்தப் பெட்டியைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த வேலையே இல்லை.

அடுத்து, எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர். டெட்ராய்ட் பக்கத்து டூல் ரூம்களில், அதாவது அச்சுகள் செய்யும் பட்டறைகளில், ஆயுள் முழுக்க மோல்டு எனப்படும் வார்ப்பு அச்சுகளைச் செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கற்றதைப் பற்றித்தான் அதிகம் எழுதத் தோன்றுகிறது, ஏனென்றால் படங்களில் உயிர் இருப்பதாக நீங்கள் சொன்ன இடமெல்லாம் அவர் காட்டிக்கொடுத்த இடம்.

நான் கொண்டுபோன முதல் கணினிக் கோப்பை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'இது மோல்டிலிருந்து வெளியே வராது' என்றார். அப்புறம் ஒரு தாளில் வரைந்து விளக்கினார். ஸ்டைரீன் என்று அவர்கள் சொல்லும் பிளாஸ்டிக்கை உருக்கி அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். அது குளிர்ந்து இறுகியதும் அச்சின் இரு பாதிகளும் விலகுகின்றன. பாகம் சிக்காமல் கழன்றுவர, நேர்ச் சுவர் போலத் தெரியும் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். அதை டிராஃப்ட் என்கிறார்கள். அச்சின் பாதிகள் சந்தித்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழும். அது பார்ட்டிங் லைன். பாகத்தைத் தள்ளி வெளியேற்றும் எஜெக்டர் பின்கள் உட்புறத்தில் வட்ட வட்டமாகத் தடம் விட்டுப்போகும். உள்ளே தடிமன் கூடிய இடத்தில் பிளாஸ்டிக் குளிரும்போது சுருங்க, வெளிப்பரப்பு லேசாகக் குழிந்துவிடும். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளம், பக்கவாட்டு வெளிச்சத்தில் சட்டென்று தெரியும். கிட்டின் படங்களைப் பார்த்தே பின் தடங்கள் எங்கெங்கே இருக்கும் என்று அவர் முன்கூட்டிச் சொன்னதும், ஒஹாயோவில் பாகத்தைத் திருப்பிப் பார்க்கையில் அவை அங்கேயே இருந்ததும் எனக்கு இன்னும் வியப்புதான்.

இந்தக் கிட்டைக் கட்டிய எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறை உண்டு. நீண்ட இரண்டு எஞ்சின் குழாய்களும் காலப்போக்கில் சரிந்துவிடும். மெல்லிய இரண்டு தாங்கு தகடுகள்தான் அவற்றின் மொத்த எடையையும் சுமக்கின்றன. அந்தத் தகடுகள் நுழையும் துளையோ கப்பலின் கீழ் உடலில், மெல்லிய சுவரில் இருக்கிறது. பசை பிடித்தாலும் ஸ்டைரீன் மெதுவாக வளைந்து கொடுக்கிறது. அந்தச் சரிவையும் வரைய வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாக இருந்தார். அதனால்தான் 'பல வருடம் அலமாரியில் நின்ற கப்பல்' என்ற படம் தனியாக வந்தது. ஐயா, அந்தப் படத்தைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள்.

படப்பிடிப்பைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு. வெளிர் நிறம், வழவழப்பு, மேலே பளபளப்பு என்று எல்லாம் சேர்ந்த பொருளைப் புகைப்படங்களிலிருந்து முப்பரிமாணமாக்குவது கடினம். படத்துக்குப் படம் ஒரே புள்ளியை அடையாளம் காணத்தான் மென்பொருளுக்குத் தெரியும். இங்கே பிடித்துக்கொள்ள ஒரு புள்ளிகூடக் கிடையாது. வழக்கமாகப் பொடி தூவிச் சமாளிப்பார்கள், அதற்கோ அனுமதி இல்லை. தம்பி ஒரு புரொஜெக்டரைக் கொண்டுவந்து பாகத்தின் மேல் ஒழுங்கில்லாத புள்ளிக்கோலம் ஒன்றை வெளிச்சமாகவே விழச் செய்தான். பாகத்தைத் தொடாமலே வடிவம் கிடைத்துவிட்டது. நிறத்துக்காக, விளக்கிலும் லென்ஸிலும் போலரைசிங் வடிகட்டி போட்டுப் பளபளப்பை அணைத்துத் தனியாக எடுத்தான். ஸ்டைரீனின் ஓரங்களில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே இறங்கிப் பரவும் அந்த மென்மை படங்களில் சரியாக வந்ததும் அவனுடைய பொறுமையால்தான். நீ நன்றாக இருக்க வேண்டும் தம்பி.

எழுத்துகளையும் எண்களையும் ஒவ்வொன்றாக வளைகோடுகளில் வரைந்து கொடுத்த அக்காவுக்கு. கப்பலின் எண் 1701. அதை வடிவமைத்த மாட் ஜெஃப்ரிஸ் தூரத்திலிருந்து பார்த்தால் குழப்பக்கூடிய 3, 6, 8, 9 ஆகிய இலக்கங்களைத் தவிர்த்து எண்ணைத் தேர்ந்தெடுத்தவர். இதை எனக்குச் சொன்னதும் அக்காதான். 1967இல் ஒரு கதைக்குச் சிதைந்துபோன இன்னொரு கப்பல் தேவைப்பட்டபோது, கடையில் விற்ற இதே கிட்டைக் கட்டி, அங்கங்கே சேதப்படுத்திப் படம் பிடித்தார்கள். அதன் எண் 1017. கிட்டோடு வந்த அதே இலக்கங்களை இடம் மாற்றி ஒட்டியது! தொடரைப் பார்த்துச் செய்த பொம்மை திரும்பத் தொடருக்குள்ளேயே போய் நடித்த அந்தச் சங்கதியை ஒரு படமாக ஆக்கலாம் என்றது அக்காவின் யோசனை. எனக்கு மிகவும் பிடித்த படம் அது.

நேரில் நன்றி சொல்ல முடியாதவர்களும் உண்டு. ஜெஃப்ரிஸ் 2003இல் மறைந்தார். ராக்கெட் வேண்டாம், நெருப்பு கக்கக் கூடாது, இறக்கை கூடாது என்று தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி சொன்னதை வைத்துக்கொண்டு, தட்டும் குழாய்களுமாக அதுவரை யாரும் காணாத ஓர் உருவத்தைத் தந்தவர் அவர். அதை மரமும் பிளாஸ்டிக்கும் கொண்டு 11 அடி நீளத்தில் உருவாக்கியவர்கள் ரிச்சர்ட் டேட்டினும் உடனிருந்த கைவினைஞர்களும். அந்தப் பெரிய மாடல் 1974 முதல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பணியின்போது, முன்பு அதை நேரில் படமெடுத்த ரசிகர்களிடம் அருங்காட்சியகமே புகைப்படங்கள் கேட்டது. 2016இல் அது மறுபடி பார்வைக்கு வந்தது. தட்டின் மேற்பரப்பில் இன்னும் மிஞ்சியிருக்கும் அசல் பெயின்டில், அன்று பென்சிலால் போட்ட மெல்லிய கட்டக் கோடுகளைக் காணலாம். அந்தக் கோடுகளைக் கிட்டில் எவ்வளவு அழுத்தமாகப் பதித்துவிட்டார்கள் என்று ஒப்பிட, அருங்காட்சியகம் பொதுவில் வைத்திருக்கும் படங்களே எனக்கு உதவின.

இந்த முப்பரிமாணப் படங்களை உருவாக்க உதவிய பிளெண்டர் மென்பொருளைச் செய்பவர்களுக்கும் வணக்கம். 2002இல் உலகெங்கும் இருந்த பயனர்கள் 1,00,000 யூரோ திரட்டி அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதனால்தான் சம்பளத்தில் ஒரு காசும் எடுக்காமல் என்னால் இதைச் செய்ய முடிந்தது.

வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரிந்ததைப் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கும், ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைத்த மகளுக்கும் இங்கே இரண்டு வரி போதாது.

கப்பலின் உரிமை எங்களுடையது இல்லை. ஆகவே படங்கள் எதுவும் விற்பனைக்கு இல்லை. கைகொடுத்த எல்லோருக்கும் முழு அளவுப் பிரதிகள் வந்து சேரும், முகவரி மாறியிருந்தால் மட்டும் சொல்லுங்கள். அடுத்து, அதே தொடரில் வரும் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் போர்க்கப்பல், 1968இல் வந்த கிட். பெரியவர் இப்போதே அதன் பார்ட்டிங் லைன் எங்கே போகும் என்று தாளில் வரைய ஆரம்பித்துவிட்டார். பிரிக்காத பழைய பெட்டி யாரிடமாவது இருந்தால், வெட்ட மாட்டோம், எதையும் தூவ மாட்டோம். பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களில் ஒருவன்