புட்பால் கோச் அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். "இந்திக்காரப் பசங்களை இனிமே டீம்ல சேர்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டீர்களாமே. மைதானத்தில் நடந்த கைகலப்புதான் காரணம் என்கிறார்கள். கை நீட்டியது இரண்டு பக்கமும். வெளியே அனுப்பியது ஒரு பக்கத்தை மட்டும்.

நம் பசங்களின் கோபம் புரியாமல் இல்லை. வியாசர்பாடி என்று விலாசம் எழுதினாலே முகம் சுளிக்கிற கம்பெனிகள் உண்டு. மணலியிலும் எண்ணூரிலும் புகை நமக்கு, வேலை வேறு யாருக்கோ என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆளைக் கொண்டுவந்து இறக்குவது காண்ட்ராக்டர். சைட்டிலேயே தங்கி, கூலி பற்றிக் கேள்வி கேட்காமல், சொன்ன நேரம் வரை நிற்கிற ஆள் அவருக்கு வேண்டும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் செத்தார்களே, அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நம்மிடமிருந்து அவர்கள் 'பறித்துக்கொண்ட' வேலை அதுதான்.

உங்களிடம் வந்த பசங்களோ இங்கேயே படிக்கிறவர்கள். 2006-ல் வந்த சட்டப்படி பள்ளியில் தமிழ் படித்தே ஆக வேண்டும், படிக்கிறார்கள். மெட்ராஸ் பாஷையில் நம் பசங்களையே ஓட்டுகிறார்கள். அதற்குப் பிறகும் 'வடக்கன்' என்றால் அவன் எங்கே போவான்? தன் ஆட்களோடு தனியாக ஆடுவான். அப்புறம் நாமே "அவனுங்க ஒட்ட மாட்டானுங்க" என்போம்.

உங்கள் அப்பா ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். 1964-ல் அங்கே கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு வந்த கூட்டம் அது. நாம் தமிழர்கள், அது வேறு என்பீர்கள். சரி. தமிழ் பேசியே வந்தவரையும் 'பர்மாக்காரன்' என்றுதானே இந்த ஊர் கூப்பிட்டது? பீச் ஸ்டேஷன் பக்கம் இன்றைக்கு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸுக்கு முண்டியடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

அடித்தவர்களுக்குத் தண்டனை வேண்டுமென்றால் கொடுங்கள். மைதானத்தைப் பத்து சுற்று ஓடவிடுங்கள், இரண்டு பக்கத்துப் பசங்களையும் சேர்த்தே. ஓடி முடித்ததும் கலந்து பிரித்து ஆடவிடுங்கள். கோல் போஸ்ட்டில் நிற்கிற அந்த ஒல்லிப் பையனை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவனைப் போல ஒரு கீப்பர் நம் ஏரியாவில் இப்போது இல்லை, உங்களுக்கே தெரியும். பூட்ஸும் கிளவுஸும் நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துத் தெருத் தம்பி