டாஷ்போர்டு ஸ்விட்ச் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனக் கேள்வி-பதில் பகுதியில், சிக்னலில் நின்றாலே தன் அம்பாசடர் கொதிப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். காயலான் கடையில் பழைய மாருதி மின்விசிறி ஒன்றை வாங்கி ரேடியேட்டரில் மாட்டுங்கள், டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் சொல்லியிருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். அதே மாதிரி ஸ்விட்சை வைத்துக்கொண்டு ஒரு மே மாத மாலையில் தேனாம்பேட்டை சிக்னலில் பானெட்டைத் திறந்துவைத்து ஆவி அடங்கக் காத்திருந்தவன் நான்.

என் வண்டி 1978-ஆம் வருட மார்க் 3 அம்பாசடர். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். அதன் விசிறி வாட்டர் பம்ப்பின் மூக்கில் உட்கார்ந்து பெல்ட்டில் சுற்றுவது. எஞ்சின் ஓடுகிற வேகம்தான் அதற்கும். ஐம்பது அறுபதில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், அப்போது விசிறி பறக்கும். சிக்னலில் காற்றே இல்லாமல் நிற்கும்போது தூங்கி வழியும். மின்விசிறிக்கு இந்தக் கோளாறு கிடையாது. நின்றாலும் ஓடினாலும் ஒரே வேகம். அதனால் உங்கள் யோசனையை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த வாசகரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நெடுஞ்சாலையிலும் சூடு ஏறுகிறதா என்பது. ஏறுகிறது என்றால் விசிறியைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் ரேடியேட்டர் அடைத்திருக்கும். செம்பு, பித்தளை ரேடியேட்டர்தானே, மேல் தொட்டியைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து தருகிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அதோடு, எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது பல மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம். என் வண்டியிலும் எறிந்திருந்தார்கள். புதிதாக ஒன்று வாங்கிப் போட்ட பிறகுதான் சூட்டு மீட்டர் முள் ஒரு நிலையில் நின்றது.

சரி, விசிறிக்கு வருகிறேன். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் மாருதி 800-இன் விசிறிதான் முதலில் கையில் கிடைக்கும். அது 796 சிசி எஞ்சினுக்காகச் செய்தது. என் ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன், பெரிய முகத்தில் சின்னப் பொட்டு வைத்தது போல இருந்தது. எஸ்டீம் விசிறி, 1298 சிசி வண்டியினுடையது, கூண்டோடு கிடைத்தது. அந்தக் கூண்டு முக்கியம். அது இல்லாவிட்டால் இறக்கைக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும்தான் காற்று போகும், மூலைகள் சும்மா கிடக்கும். கடைக்காரர் பாட்டரியில் வைத்துச் சுற்றிக் காட்டுவார். சுற்றினால் போதாது. தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. இறக்கை நுனி உடைந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், அந்த அதிர்வு ரேடியேட்டரையே பிளந்துவிடும். அப்புறம், ஒயரை இணைக்கும் அதன் கப்ளரையும் ஒரு சாண் ஒயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள்.

மாட்டும்போது நான் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. பழைய இறக்கையைக் கழற்றினால் பெல்ட்டும் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெல்ட் இருந்தாக வேண்டும், வாட்டர் பம்ப்பும் மின்சாரம் தரும் டைனமோவும் அதில்தான் ஓடுகின்றன. இறக்கையைப் பிடிக்கும் அதே நான்கு போல்ட்டுகள்தான் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியையும் பிடிக்கின்றன. இறக்கையை எடுத்த பிறகு அதே போல்ட்டுகளை முறுக்கினால் நீளம் மிஞ்சும், இறுகினது போலத் தெரிந்தும் புல்லி ஆடும். குட்டையான போல்ட் போடுங்கள். கூண்டை ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் பட்டை வைத்துப் பிடியுங்கள். தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டை செருகி இழுத்துக் கட்டுவது சுலபம்தான், ஆனால் ஆடி ஆடிக் குழாயை அறுத்துவிடும். விசிறி மோட்டாருக்கும் புல்லிக்கும் ஒரு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். சடன் பிரேக் போட்டால் எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் முன்னால் சாயும்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் இந்த மோட்டார் சமர்த்தாகத் தலைகீழாகச் சுற்றும், கொஞ்சம் காற்றும் தரும், ஆனால் முன்னாலிருந்து வரும் எதிர்க்காற்றுக்கு எதிராக. கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள், உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் இதழின் பக்கத்தைத்தான் நான் பிடித்துப் பார்த்தேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி மின்சாரம். நான் பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்கு ஒயர் இழுத்தே காலம் தள்ளியவன், இந்த இடத்தில் கொஞ்சம் அதிகம் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் எஸ்டீம் விசிறி ஓடும்போது மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்பது ஆம்பியர் காட்டியது. கிளம்பும் நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். இதை நேராக ஒரு சின்ன டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோனால் அதன் முனைகள் ஒரு கோடைக்குள் கருகும், அல்லது ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு ரிலே வேண்டும், அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் தடித்த ஒயர் ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு, 87-லிருந்து விசிறிக்கு. 85, 86 இரண்டும் மெல்லிய ஒயர், ரிலேயை இயக்குவதற்கு மட்டும். ஃப்யூஸ் பாட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எர்த்தை பாடியின் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள்.

ஆனால் ரிலே போட்டாலும் தீராத சிக்கல் டைனமோ. பழைய வண்டி டைனமோ முழு வேகத்தில் இருபது ஆம்பியர் சொச்சம் தரும். ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும்போது, ஏறக்குறைய ஒன்றுமே தராது. அந்தக் காலத்து ரயில் பெட்டிகளில் அச்சிலிருந்து பெல்ட்டில் ஓடும் டைனமோ இருக்கும். ரயில் நிலையத்தில் நின்றால் விளக்கும் விசிறியும் பாட்டரியைத்தான் தின்னும். உங்கள் சிக்னலிலும் அதேதான் நடக்கிறது. இரவில் ஹெட்லைட்டும் எரிந்தால் அதற்கு வேறு ஒன்பது பத்து ஆம்பியர். நான்கு சிக்னல் தாண்டினால் ஹாரன் முனகும். டைனமோ உள்ள வண்டிக்கு முதல் செலவு விசிறியல்ல, ஐடிலிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர். இதை நீங்கள் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கடைசியாக அந்த ஸ்விட்ச். நானும் முதலில் அதைத்தான் வைத்தேன். என் மனைவி அப்போதே சொன்னாள், "ஹால் ஃபேனையே ஒருநாளும் அணைச்சதில்லை, இதை நேரத்துக்குப் போடுவீங்களாக்கும்." மூன்று வாரம் போட்டேன். நான்காவது வாரம் போன் பேச்சு நினைப்பில் மறந்தேன். தேனாம்பேட்டையில் எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிற்று. விசிறிக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு அதற்குக் கொடுத்தேன். இப்போது ரேடியேட்டர் தொட்டியில், தண்ணீர் சூடானால் தானாக விசிறியைப் போடும் தெர்மோ ஸ்விட்ச். தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும் சூட்டைவிடப் பத்து டிகிரி போல மேலே வேலை செய்வதாகப் பார்த்து வாங்க வேண்டும். கீழே வேலை செய்வதாக வாங்கினால் விசிறி ஓயவே ஓயாது. டாஷ்போர்டு ஸ்விட்சையும் கழற்றவில்லை, தெர்மோ ஸ்விட்ச் ஏமாற்றினால் கைகொடுக்கட்டும் என்று இணையாக வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு லாபமும் உண்டு. மழையில் சாலை தேங்கினால் பழைய விசிறி தண்ணீரை வாரி, எஞ்சினுக்குத் தீப்பொறி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடித்து வண்டியை நிறுத்திவிடும். அதற்காகவே அம்பாசடர்காரர்கள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்குவார்கள். நான் இப்போது ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த இதழில் ரிலே, தெர்மோ ஸ்விட்ச், ஆல்டர்னேட்டர் பற்றி ஒரு திருத்தம் வெளியிட்டால் அந்த வாசகரின் ஹெட் கேஸ்கட் பிழைக்கும். கூடவே இதையும் சேர்த்துவிடுங்கள்: ரிலேயை இயக்கும் மெல்லிய ஒயரைச் சாவியைத் தாண்டி நேராக பாட்டரியில் கொடுத்தால், வண்டியை அணைத்து ஐந்து நிமிடம் கழித்தும் விசிறி தானாகச் சுற்றும். பானெட்டுக்குள் கைவிடும் பையனுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே எலக்ட்ரிகல் ஃபிட்டர்,
பெரம்பூர், சென்னை