தலைவருக்கு அடுத்து யார் என்று கேளுங்கள்

ரசிகர் மன்றங்களிலிருந்து கட்சிப் பொறுப்புக்கு வந்திருக்கும் மாவட்ட, ஒன்றிய, கிளை நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

தலைவர் மீது நீங்கள் வைத்திருக்கும் அன்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு முகத்தை நம்பி மக்கள் திரண்டதால் தமிழ்நாட்டில் நடந்த நல்லவை உண்டு. 1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காமராசர் காலத்து மதிய உணவை அவ்வளவு பெரிதாக விரிக்கப் பணம் எங்கே என்ற கேள்வி பலமாக எழுந்தது. மக்கள் தன் பக்கம் நிற்பார்கள் என்ற தைரியம் இருந்ததால்தான் அவரால் அதை மீறிப் போக முடிந்தது. அந்தச் சோறு இன்றும் பள்ளிகளில் வேகிறது.

1984 சட்டமன்றத் தேர்தலின்போது அவர் அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். பிரசாரத்துக்கு வராமலேயே ஜெயித்தார் என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். எனக்கு அதில் பயம்தான் அதிகம். பெயர் ஒன்றே போதும் என்றாகிவிட்டால் இன்னொருவரை வளர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. 1987 டிசம்பர் 24 அன்று அவர் காலமானார். அ.தி.மு.க. உடனே இரண்டானது, அவருடைய மனைவி ஜானகி அம்மையாரின் ஆட்சி 24 நாளில் முடிந்தது. 1989 தேர்தலில் இரட்டை இலைச் சின்னம் முடங்க, ஓர் அணி சேவலிலும் மற்றது இரட்டைப் புறாவிலும் நின்றது. 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தபோதும் இதேதான். 2017 மார்ச்சில் சின்னம் மறுபடி முடங்கியது.

இத்தனைக்கும் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆரே விதி வகுத்திருந்தார். ஜெயலலிதா காலத்தில் அது ஒவ்வொரு முறையும் போட்டியில்லாத தேர்வாகவே முடிந்தது. எதிர்த்து ஒருவர் மனு போட முடியாத இடத்தில் விதி இருந்து என்ன பயன்?

மக்களைக் கவர்ந்த தலைவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. பேச்சால் ஊர் ஊராகக் கூட்டத்தைக் கட்டிப்போட்ட அண்ணா, தி.மு.க. பொதுச்செயலாளர் பொறுப்பை நெடுஞ்செழியனிடம் விட்டார். 1956 திருச்சி மாநாட்டில் ‘தம்பி வா, தலைமையேற்க வா’ என்று அவரை எல்லார் முன்னிலையிலும் அழைத்தார். 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தபோது அந்த இடத்துக்குத் தகுதியானவர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தார்கள். நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வராக இருக்க, ஒரே வாரத்தில் கருணாநிதி பதவியேற்றார். ஆட்சி ஆடவில்லை. மூன்று ஆண்டு கழித்து எம்.ஜி.ஆர். பிரிந்து போனது வேறு கதை.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். கிளைத் தேர்தலை வாக்குச்சீட்டு வைத்து நடத்துங்கள். மேலிருந்து வரும் பட்டியலை மேடையில் வாசித்துக் கைதட்டுவதைத் தேர்தல் என்று ஏற்காதீர்கள். தலைவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் முடிவெடுப்பது, யார் கையெழுத்துப் போடுவது என்பதை, அவர் நலமாக இருக்கும் இப்போதே விதியில் எழுதக் கோருங்கள். அப்புறம், அடுத்த பொதுக்குழுவில் அவருடைய முடிவு ஒன்று தவறாகப் பட்டால், எழுந்து நின்று அவரிடமே சொல்லுங்கள். அப்படிச் சொன்ன தோழரின் பதவி பறிபோகாமல் மற்றவர்கள் கூட நில்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் வாக்காளர் ஒருவர்