காரைக்குடி வட்டார வங்கி ஊழியர்களான நம் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே அவரைப் பார்த்துவிடுங்கள். நான் பயிற்சி விஷயத்தை மட்டும் பேசுகிறேன்.

இரண்டாம் சனிக்கிழமை விடுமுறைகளில் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளை அழைத்துப் பேசினோம். சம்பளக் குறைதான் வரும் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் சொன்னது, "சேர்ந்த மறுநாளே கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள் சார், கேட்டுக்கொள்ள ஆள் இல்லை" என்பதுதான். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து இணையப் பாடத்தைத் தட்டித் தட்டி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள், ஆனால் காலையில் இறந்தவர் கணக்கில் பணம் கேட்டு ஒரு குடும்பம் வந்து நின்றால் கை நடுங்குகிறது. இப்படித் தினமும் பயந்துகொண்டே உட்கார்ந்தால் வேலை எப்படிப் பிடிக்கும்?

வடக்கேயிருந்து வந்த ஒரு தம்பியிடம் ஒரு ஆச்சி "நகையைத் திருப்ப வந்தேன்" என்றிருக்கிறார். நகையில் ஏதோ குறை, திருப்பித் தர வந்திருக்கிறார் என்று நினைத்து அந்தத் தம்பி மேனேஜரிடம் ஓடியிருக்கிறார். அப்புறம் நம் உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடகை மீட்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள் என்பதில் தொடங்கி, கல் எடை கழிப்பது, உரைகல்லில் மாற்றுப் பார்ப்பது வரை ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார். ஊர் மாற்றல் கேட்டு எழுதி வைத்திருந்த தம்பி அதைக் கொடுக்கவே இல்லை.

இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன நகரத்தார் வட்டிக்கடைகளில், தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளராகித்தான் கடையை நடத்தும் ஏஜெண்டாக வந்தார்கள். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறக்கப்பட்டது என்றால், அப்படித் தொழில் பழகிய மண் இது.

இன்னொரு வருத்தம். ஜேஏஐஐபி, சிஏஐஐபி என்ற வங்கித் தொழில் தேர்வுகளை முடித்தவர்களுக்கு இன்கிரிமெண்ட் கிடைக்கிறது, சரி. ஆனால் கடன் பிரிவுக்குப் படித்தவரை ஆண்டுக்கணக்கில் பாஸ்புக் பதியும் இடத்திலேயே வைத்திருந்தால் மனசு விட்டுப்போகிறது. படிக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார், எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் வரும் ஆண்டில், புதியவர் ஒவ்வொருவருக்கும் முதல் மாதம் ஒரு மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லி எல்லா நிர்வாகங்களுக்கும் மனு கொடுக்கிறோம். ஓய்வுபெற்ற அண்ணன்மார், குறிப்பாக நகைக்கடன் பார்த்தவர்கள், அடுத்த இரண்டாம் சனிக்கிழமை உரைகல்லோடு வாருங்கள். பெயரை இன்றே என்னிடம் கொடுங்கள்.

செயலாளர்